வெளிநாட்டில், ஒதுங்கிய தீவில் கடல் அறிவியல் படிக்க எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: சென்னையில் பி.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு படிக்கும் மாணவி. கடல் அறிவியலில் மேற்படிப்பை வெளிநாட்டில், அதுவும் நடுக்கடல் தீவு ஒன்றில் தங்கிப் படிக்க ஆசை. எங்கே போகலாம், என்ன தெரிந்திருக்க வேண்டும், பயப்படும் அப்பாவிடம் என்ன சொல்வது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். தீவு பெரும்பாலும் பட்டம் தராது. பட்டம் தருவது கரையில் உள்ள பல்கலைக்கழகம். தீவில் இருப்பது அதன் கள ஆய்வு நிலையம்: சில படகுகள், கடல்நீர் ஓடும் தொட்டிகள், சிறிய ஆய்வகம், பங்க் படுக்கை, பொதுச் சமையலறை. ஒரு பாடத்துக்காகப் பத்து நாள், ஆய்வேட்டுக்காக இரண்டு வாரம் முதல் சில மாதம் வரை அங்கே தங்குவீர்கள். மீதிக் காலம் நகரத்தில், கணினி முன்னால். அதனால் தீவின் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தத் துறை, எந்த வழிகாட்டி, எந்தப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்தால் தீவு தானாக வந்து சேரும்.

பவளப்பாறைதான் ஆசை என்றால் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம். ஹெரன் தீவில் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது, 1951-இல் தொடங்கியது. கிளாட்ஸ்டன் துறைமுகத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், படகில் இரண்டு மணி நேரம். தீவே 800 மீட்டர் நீளம், 300 மீட்டர் அகலம்தான். மெரினாவில் காந்தி சிலையிலிருந்து காலை நடை போகிற தூரத்துக்குள் முடிந்துவிடும். வடக்கே லிசர்ட் தீவில் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் நிலையம், 1973 முதல். கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து சிறிய விமானத்தில் போக வேண்டும். ஆர்ஃபியஸ் தீவு ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்துடையது, ஒன் ட்ரீ தீவு சிட்னி பல்கலைக்கழகத்துடையது. லிசர்ட் தீவின் பாறைகள் 2014, 2015 ஆண்டுகளில் இரண்டு புயல்களிலும் 2016-இல் வெளிறலிலும் (கடல்நீர் சூடேறி, பவளம் தன்னுள் வாழும் பாசியை இழந்து வெளுப்பது) அடிபட்டவை. ஒன் ட்ரீ பக்கம் 2024-இல் கடுமையாக வெளிறியது. பவளம் எப்படிச் சாகிறது, எப்படி மீள்கிறது என்று படிக்க விரும்புகிறவருக்கு இதைவிட முக்கியமான இடம் குறைவு. மனத்தைத் தயார்ப்படுத்திக்கொண்டு போங்கள். படத்தில் பார்த்த வண்ணம் எல்லா இடத்திலும் இருக்காது.

குளிர்க்கடல் பிடிக்குமென்றால் ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம். லாங்யியர்பியென் ஊரில், வடக்கு 78 டிகிரியில், யூனிஸ் என்னும் பல்கலைக்கழக மையம் 1993 முதல் நடக்கிறது. அங்கேயும் பட்டம் கிடையாது. ட்ரோம்சோ, பெர்கன் போன்ற இடத்தில் பதிவு செய்த மாணவராக ஒரு பருவத்துக்குப் போய்ப் பாடம் எடுப்பது வழக்கம். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு நார்வே அரசுப் பல்கலைக்கழகங்கள் 2023 இலையுதிர் காலம் முதல் கல்விக் கட்டணம் வாங்குகின்றன என்பதைக் கவனியுங்கள். "நார்வேயில் இலவசம்" என்ற பழைய பேச்சை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை அங்கே சூரியன் தொடுவானத்துக்கு மேலே வராது. ஊர் எல்லையைத் தாண்டினால் பனிக்கரடிக்கு எதிரான ஏற்பாடு இல்லாமல் நகரக் கூடாது. துப்பாக்கிப் பயிற்சியும் பாதுகாப்புப் பாடத்தில் அடக்கம். நம் ஊருக்கு இங்கே ஒரு தொடர்பு உண்டு. இன்னும் வடக்கே நி-ஓலசுண்டில் 2008 முதல் இந்தியாவின் 'ஹிமாத்ரி' நிலையம் இருக்கிறது. பக்கத்து ஃபியோர்டில் (மலைகளுக்கிடையே நுழையும் கடல்) 2014-இல் இறக்கிய 'இண்ட்ஆர்க்' என்னும் கருவித் தொடர் நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கியது.

அலை, நீரோட்ட மின்சாரம் என்றால் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி: ஸ்ட்ரோம்னெஸ் ஊரில் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தின் சிறு வளாகம், பக்கத்திலேயே 2003-இல் அமைந்த ஐரோப்பிய கடல் ஆற்றல் மையம். ஆழ்கடல் நீர் வேதியியல் என்றால் பெர்முடா. 1988 முதல் விடாமல் எடுக்கும் மாத அளவீடுகள் அங்கே இருக்கின்றன. ஹவாயில் கானியோஹே விரிகுடாவுக்குள் கோக்கனட் தீவு. எல்லாமே நல்ல இடங்கள்.

வெளிநாட்டுக்கு முன்னால் நம் தீவுகளைப் பாருங்கள். பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் துறை போர்ட் பிளேரில் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) இருக்கிறது. சியூஇடி முதுநிலைத் தேர்வு வழியாகச் சேரலாம், செலவும் வெளிநாட்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தை ஒட்டி அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை; நிறுவனம் 1947-இல் தொடங்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது. அனுமதி வைத்திருக்கும் குழுவோடு ஒரு மாதம் உதவியாளராகப் போய் வந்தால், ஈர உடையோடு எட்டு மணி நேரம் வேலை செய்வது உங்களுக்கு ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். பதினைந்து லட்சம் கடன் வாங்கிய பிறகு தெரிவதைவிட இப்போது தெரிவது நல்லது.

அடுத்தது தண்ணீர். நீச்சல் தெரியும் என்பது வேறு, கள வேலைக்குத் தேறுவது வேறு. அமெரிக்க அறிவியல் டைவிங் கூட்டமைப்பின் நீச்சல் தேர்வைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள், எங்கே போனாலும் உதவும்: கருவி எதுவும் இல்லாமல் தண்ணீருக்கடியில் சுமார் 23 மீட்டர் மூச்சு எடுக்காமல், 12 நிமிடத்துக்குள் சுமார் 365 மீட்டர் நீச்சல், 10 நிமிடம் நின்ற இடத்தில் மிதப்பது, அசையாத ஒருவரை 23 மீட்டர் இழுத்துச் செல்வது. வேளச்சேரி நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள் என்று நான்கு மாதம் போனால் சாதாரண உடல்வாகு உள்ள யாருக்கும் இது வரும். மூச்சடக்கும் பயிற்சியை மட்டும் தனியாகச் செய்யவே கூடாது. தலை சுற்றும் முன்னறிவிப்புகூட இல்லாமல் தண்ணீருக்குள் மயக்கம் வரும். பக்கத்தில் ஆள் வேண்டும்.

ஸ்கூபா அடிப்படைச் சான்றிதழைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ எடுத்துவிடலாம். ஆனால் பொழுதுபோக்குச் சான்றிதழ் வைத்துக்கொண்டு ஆராய்ச்சிக்காக இறங்க விடமாட்டார்கள். அமெரிக்க முறையில் அறிவியல் டைவர் ஆக 100 மணி நேரப் பயிற்சியும் குறைந்தது 12 மேற்பார்வை டைவ்களும் வேண்டும்; ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கான தரநிலையும் அதற்கான மருத்துவப் பரிசோதனையும் உண்டு. ஆஸ்துமா, காது சவ்வில் ஓட்டை, தீராத சைனஸ் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பே டைவிங் மருத்துவம் தெரிந்த மருத்துவரைப் பாருங்கள். டைவ் செய்ய முடியாது என்றாலும் வழி அடைபடவில்லை. பாறைத் திட்டில் நடக்கும் வேலை, ஸ்நார்க்கல் வேலை, ஆய்வகத் தொட்டி வேலை, மிதவை உயிரி வேலை என்று முதுநிலை ஆய்வேடுகளில் பலவற்றைச் சிலிண்டர் இல்லாமலே செய்யலாம். டைவ் செய்கிறவர்கள் பல நாள் தொடர்ந்து இறங்கிய பிறகு விமானம் ஏற 18 மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். லிசர்ட் போலச் சிறு விமானத்தில் திரும்பும் தீவு என்றால், கடைசி நாளில் டைவ் வைக்கவே முடியாது என்று பொருள்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் தடுமாறும் இடம் ஓதம், அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம். நம் கரையில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் வித்தியாசம் அதிகபட்சம் ஒரு மீட்டர் அளவுதான். மெரினாவில் நிற்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது. அதனால் ஓத அட்டவணை பார்க்கும் பழக்கமே நமக்கு இல்லை. ஹெரனில் அந்த வித்தியாசம் மூன்று மீட்டரைத் தொடும். காலையில் நடந்து போன திட்டு மதியம் தலைக்கு மேல் தண்ணீர்.

அங்கே ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். வேலை: பாறைத் திட்டில் எத்தனை விழுக்காடு உயிருள்ள பவளம் என்று அளப்பது. தாழ் ஓதம் காலை 10 மணி என்றால் 8.30 முதல் 11.30 வரைதான் உங்கள் நேரம். 50 மீட்டர் நாடாவை ஒரே ஆழத்தில், கரைக்கு இணையாக, விறைப்பாக விரிக்க வேண்டும். தொய்வு விட்டால் அலை தூக்கிப் பவளக் கிளையில் மாட்டும், நாடாவும் போகும் கிளையும் உடையும். ஐந்து மீட்டருக்கு ஒரு முறை 50 செ.மீ. சதுரச் சட்டத்தை வைத்து நேர் மேலிருந்து ஒரு படம். கேமரா சட்டத்தோடு இறுக்கிப் பொருத்தியிருக்க வேண்டும். கையில் பிடித்தால் உயரம் மாறி, பரப்பளவு மாறி, கணக்கு மாறும். ஒவ்வொரு நாடாவின் தொடக்கத்திலும் இடம், எண், நேரம் எழுதிய பலகையைப் படம் எடுங்கள். இதை மறந்தால் அன்றிரவு எந்தப் படம் எந்த இடத்துடையது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். எழுதுவது பென்சிலில், நீர் புகாத தாளில். இருவர் சேர்ந்தால் ஒரு நாடாவுக்கு நாற்பது நிமிடம் வையுங்கள். மூன்று மணி நேரத்தில் நான்கு நாடா முடியும், ஐந்தாவதுக்கு ஆசைப்பட வேண்டாம். தாழ் ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 10 என்றால் ஏழாம் நாள் பிற்பகல் 3 மணி. அதற்கு மேல் வெளிச்சம் சாய்ந்து படத்தில் நிழல் விழும். ஆக, பயணத் தேதியை விமானக் கட்டணம் பார்த்து முடிவு செய்யாமல் ஓத அட்டவணை பார்த்து முடிவு செய்யுங்கள்.

வெளிறலை அளக்க எளிய கருவி ஒன்று உண்டு: குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகம் 2002-இல் உருவாக்கிய பவள நிற அட்டை. நான்கு நிறச் சாயல், ஒவ்வொன்றிலும் ஆறு படி. பவளத்தின் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, மிக வெளிறிய பகுதி, மிக அடர்ந்த பகுதி இரண்டுக்கும் எண் குறிக்க வேண்டும். இரண்டு படியோ அதற்கு மேலோ மாறியிருந்தால் உள்ளே வாழும் பாசியின் அளவு மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வளரும் கிளை நுனி இயல்பாகவே வெள்ளையாக இருக்கும். அதை அளந்து "வெளிறியது" என்று எழுதுவது புதிதாக வருகிறவர்களின் முதல் தவறு. நிறக் கண்ணாடி போட்ட முகமூடியும் கூடாது.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு தீவுக்குப் போவதற்கு முன்பே, திட்டத் தாளில் நடந்துவிடுகிறது. ஒரே நாடாவில் எடுத்த நூறு படம் நூறு மாதிரி ஆகாது. அது ஒரு மாதிரிதான். "காற்றடிக்கும் பக்கத்தில் பவளம் குறைவு" என்று சொல்ல வேண்டுமானால் காற்றடிக்கும் பக்கத்திலேயே மூன்று தனி இடம், மறைவுப் பக்கத்தில் மூன்று தனி இடம், ஒவ்வொன்றிலும் நான்கைந்து நாடா வேண்டும். ஆய்வேட்டுத் தேர்வாளர் முதலில் பார்ப்பது இதைத்தான். படத்தைக் குறைத்து இடத்தைக் கூட்டுங்கள். நாள் கணக்கும் அப்படியே. பதினான்கு நாள் தங்கல் என்றால் முதல் நாள் பாதுகாப்பு விளக்கமும் படகுச் சோதனையும், கடைசி நாள் மூட்டை கட்டுவது; நடுவில் காற்றுக்கும் மழைக்கும் நான்கைந்து நாள் போகும். ஏழு நாள் வேலை நடக்கும் என்று வைத்துத் திட்டம் போடுங்கள். பதினான்கு நாளுக்கும் வேலை போட்டவர் பாதியில் நின்ற தரவோடு திரும்புவார்.

மாதிரிகளைக் காப்பாற்றுவது தனிக் கலை. பச்சையத்தை எடுத்துக்கொள்வோம். கடல்நீரை 0.7 மைக்ரான் கண்ணாடி இழை வடிதாளில் வடிக்க வேண்டும். எண்ணூர் முகத்துவாரத் தண்ணீரில் கால் லிட்டரிலேயே தாள் பச்சையாகிவிடும்; தெளிந்த பவளக் கடலில் இரண்டு லிட்டர் வடித்தாலும் தாள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். பார்த்துவிட்டு "ஒன்றுமில்லை" என்று நினைக்காதீர்கள், அளக்கப் போதுமானது அதில் இருக்கும். உறிஞ்சும் அழுத்தம் கூடினால் செல்கள் உடைந்து பச்சையம் வடிநீரோடு போய்விடும். அழுத்தமானியில் 200 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்ட விடாதீர்கள். விளக்கை மங்கலாக்கி வேலை செய்யுங்கள். தாளைப் பாதியாக மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, மேலே எண் எழுதி, உடனே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில்.

ஃப்ரீசர்தான் தீவின் பலவீனம். மின்சாரம் தீவிலேயே உற்பத்தியாக வேண்டும். பராமரிப்புக்கு நிறுத்தினாலும் பழுதில் நின்றாலும் இரவில் யாருக்கும் தெரியாமல் உருகி, காலையில் மறுபடி உறைந்திருக்கும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு டம்ளர் போதும். டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு நாணயம் வைத்து ஃப்ரீசருக்குள் விடுங்கள். நாணயம் மேலேயே இருந்தால் சரி. பனிக்கட்டிக்குள் இறங்கிப் புதைந்திருந்தால் நடுவில் உருகியிருக்கிறது; அந்த மாதிரிகளைச் சந்தேகத்தோடு வையுங்கள். ஒவ்வொரு மாதிரியையும் இரட்டையாக எடுத்து இரண்டு ஃப்ரீசரில் பிரித்து வைப்பது இன்னும் நல்லது.

மரபணு மாதிரிக்கு ஃப்ரீசரை நம்ப வேண்டியதில்லை. 95 விழுக்காடு எத்தனால் நன்றாகக் காக்கும், ஆனால் அது தீப்பற்றும் பொருள். படகிலும் விமானத்திலும் கேள்வி வரும். ஆய்வு மாதிரிகளுக்கென்று விமானப் போக்குவரத்து விதியில் ஒரு சலுகை உண்டு: ஒவ்வொரு சிறு கொள்கலத்திலும் 30 மில்லிக்கு மேல் போகாமல், முழுப் பெட்டியிலும் ஒரு லிட்டருக்கு மேல் போகாமல், கசியாதபடி அடுக்கடுக்காகப் பொதிந்தால் எடுத்துப் போகலாம். இந்தத் தொல்லை வேண்டாம் என்றால் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்னும் கரைப்பான்) உப்புக் கரைசல்: 20 விழுக்காடு டிஎம்எஸ்ஓ, 0.25 மோலார் இடிடிஏ, அதற்கு மேல் கரையாத அளவுக்கு உப்பு. அறை வெப்பத்திலேயே மாதக்கணக்கில் டிஎன்ஏ கெடாது.

அனுமதித் தாள்களை அலட்சியம் செய்யாதீர்கள். கல் பவளங்கள் அனைத்தும், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ளவை. நாடு விட்டு நாடு ஒரு விரல் துண்டு கொண்டுபோகவும் அனுமதி வேண்டும். இந்தியாவில் அவை வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ராமேஸ்வரக் கரையில் ஒதுங்கிய இறந்த துண்டை எடுத்துப் பையில் போடுவதும் குற்றம். "மன்னார் வளைகுடாவையும் ஆஸ்திரேலியாவையும் ஒப்பிடுகிறேன்" என்று இங்கிருந்து எந்த உயிரி மாதிரியையாவது வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால், 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்மயச் சட்டப்படி தேசிய உயிரியல் பன்மய ஆணையத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும். அதன் தலைமை அலுவலகம் நம் தரமணியிலேயே இருக்கிறது. மாதக்கணக்கில் ஆகும் வேலை இது. இரண்டு ஆண்டுப் படிப்புக்குள் அடங்க வேண்டுமானால் மாதிரிகளை அங்கங்கேயே ஆய்ந்து, எண்களை மட்டும் ஒப்பிடும்படி திட்டமிடுங்கள்.

சாப்பாடு: பல நிலையங்களில் நாமே சமைக்க வேண்டும். மளிகையைக் கரையில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பார்ஜ் என்னும் சரக்குப் படகில் வரும். மறந்த பொருள் அடுத்த பார்ஜில்தான். அரிசி, பருப்பு அங்கேயே கிடைக்கும். வீட்டில் அரைத்த சாம்பார் பொடி, ஊறுகாய் கொண்டுபோனால் ஆஸ்திரேலிய விமான நிலைய அட்டையில் கட்டாயம் "ஆம்" என்று குறியுங்கள். சொன்னால் பார்த்துவிட்டு விடுவார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம், விசாவுக்கே ஆபத்து. இங்கே பயன்படுத்திய துடுப்புக் காலணி, ஈர உடையில் ஒரு மணல்துகள் இல்லாமல் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

இனி தாள், பணம். மூன்றாண்டு பி.எஸ்சி.யை ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் ஏற்கின்றன; அமெரிக்காவில் பல இடங்களில் நான்காண்டு கேட்பார்கள். மதிப்பெண் பிரதிகளைப் பல்கலைக்கழகத்திடமிருந்து உறையில் வாங்க வாரக்கணக்கில் ஆகும். சேப்பாக்கத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இப்போதே போய் வாருங்கள். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். ஆஸ்திரேலிய மாணவர் விசாவுக்கு 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர் கட்டணம். ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும் என்பது 2024 மே முதல் உள்ள விதி. கட்டணங்கள் ஆண்டுதோறும் மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசுத் தளத்தில் ஒரு முறை பாருங்கள். பிரிட்டனுக்குக் காட்டும் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் கிடந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாள் குறைந்தாலும் மறுப்பார்கள். ஸ்வால்பார்ட் ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) வெளியே இருப்பதால், நார்வே வழியாகப் போய்த் திரும்ப இரு முறை நுழையும் அனுமதி கட்டாயம்.

பகுதிநேர வேலையை நம்பிக் கணக்குப் போடுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் படிப்புக் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் தீவில் இருக்கும் வாரங்களில் அந்த வருமானம் பூஜ்யம், நகரத்து அறை வாடகையோ ஓடிக்கொண்டிருக்கும், நிலையத்தின் தங்கும் கட்டணமும் படகுக் கட்டணமும் தனி. இவற்றில் எதைத் துறை கட்டும், எதை நீங்கள் கட்ட வேண்டும் என்று சேரும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

உதவித்தொகையில் முதலில் பார்க்க வேண்டியது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிர்வள முதுநிலைப் படிப்பு அந்த வகை. உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, பல நாட்டுக் கடற்கரைகளில் படிக்கலாம். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வகுப்பினருக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் மத்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகையும் இருக்கின்றன. தகுதியிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். திரும்பி வந்து அரசு வேலை தேடும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டுப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்று தேவைப்படும். 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கென விதிமுறை வெளியிட்டிருக்கிறது. ஓராண்டு முதுநிலையைத் தேர்ந்தெடுக்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவின் கவலை நியாயமானது, அதற்கு விவரமாகப் பதில் சொல்லுங்கள். நிலையங்களில் தனியாகக் கடலில் இறங்க அனுமதி கிடையாது. இருவராகப் போக வேண்டும், போகும் இடமும் திரும்பும் நேரமும் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும், குறித்த நேரத்தில் வராவிட்டால் தேடப் புறப்படுவார்கள். முதலுதவி தெரிந்தவர்கள் இருப்பார்கள், மருத்துவமனை இருக்காது. டைவிங் கோளாறுக்கான அழுத்த அறை குவீன்ஸ்லாந்தில் டவுன்ஸ்வில் மருத்துவமனையில் இருக்கிறது. அங்கே கொண்டுபோக ஹெலிகாப்டர் வேண்டியிருக்கலாம். மாணவர் மருத்துவக் காப்பீட்டில் டைவிங்கும் இந்த மீட்பும் அடங்குமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அடங்காவிட்டால் டைவர்களுக்கான தனிக் காப்பீடு எடுங்கள். அந்தக் கடிதத்தை அப்பாவிடம் காட்டுங்கள். தீவிலிருந்து தினமும் வீடியோ அழைப்பு வரும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். இரண்டு நாளுக்கு ஒரு செய்தி என்று முன்பே பேசி வைத்தால், இணைப்பு அறுந்த நாளில் வீட்டில் யாரும் பதற மாட்டார்கள்.

கடைசியாக, வழிகாட்டிக்கு எழுதும் மின்னஞ்சல். "சிறு வயது முதல் கடல் பிடிக்கும்" என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்கு நாள்தோறும் வருகின்றன. கையில் தரவு வைத்துக்கொண்டு எழுதுகிறவர்கள் குறைவு. அதற்குத் தீவு வேண்டாம், காசிமேடு போதும். மாதம் இரு முறை விடியற்காலையில் போய், ஒரே வகை மீனில், கானாங்கெளுத்தி என்று வைத்துக்கொள்வோம், ஐம்பது மீன்களின் நீளத்தை அளந்து எழுதுங்கள். மூக்கிலிருந்து வாலின் பிளவு வரை. ஒரு நாள் வால் நுனி வரை, மறுநாள் பிளவு வரை என்று மாற்றினால் எல்லாம் வீண். எந்தப் படகு, எந்த வலை, கண்ணி எவ்வளவு என்று மீனவ அண்ணன்மாரிடம் கேட்டுக் குறியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, ஃபைபர் படகு மீன்தான் வரும். வலை மாறுவதால் மீன் சிறுத்ததுபோலவோ பெருத்ததுபோலவோ தோன்றும். அதை நீங்களே கண்டுபிடித்து ஒரு வரியில் எழுதியிருந்தால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அன்றைய காற்று வாடையா, கொண்டலா, கச்சானா என்றும் எழுதுங்கள். நம் கரையோர நீரோட்டம் ஆண்டின் தொடக்க மாதங்களில் வடக்கு நோக்கியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை தெற்கு நோக்கியும் ஓடுவதோடு அதை ஒப்பிடலாம்.

ஓராண்டில் ஆயிரத்து இருநூறு மீன். 'ஆர்' (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் மாதவாரியாக நீளப் பரவலை வரையக் கற்றுக்கொள்ளுங்கள், இலவசம்தான். பிறகு மின்னஞ்சல் பத்து வரி: யார், என்ன அளந்தீர்கள், அவருடைய எந்த ஆய்வுக் கட்டுரையில் எந்த இடம் உங்கள் கேள்வியோடு தொடுகிறது, எப்போது சேர முடியும், பணத்துக்கு எதற்கெல்லாம் விண்ணப்பிக்கிறீர்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள், பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள். காசிமேட்டு வரைபடத்தை ஒரே பக்கமாக இணைக்க மறக்காதீர்கள். அச்சுகளில் அலகும், கீழே மீன்களின் எண்ணிக்கையும் இருக்கட்டும்.